சொல்லக் கூடாத கடைசி வரி

1953 ஆகஸ்ட் 11, செவ்வாய். ரிச்மண்ட்.

காலையில் வேக்ஃபீல்டிலிருந்து அப்பா அனுப்பிய பார்சல் வந்தது. பன்றி இறைச்சி சாசேஜ், கொஞ்சம் ஆட்டு விலா. இறைச்சிக்கு இன்னும் பங்கீட்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு அலைகிற காலம். கசாப்புக் கடைக்காரர் மகளாகப் பிறந்ததில் இப்படி ஒரு லாபம் உண்டு. நாத்தனார் கான்ஸ்டன்ஸ் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "அண்ணியோட பூர்வீகம் தபால்ல வந்திருக்கு" என்றாள். அப்புறம் உட்கார்ந்து சட்டியில் பாதியைக் காலி செய்தாள். வாய்க்குள் போகும்போது மட்டும் பூர்வீகம் நாறுவதில்லை.

சாயங்காலம் எட்மண்ட் தன் புது நாடகத்தை வாசித்துக் காட்டினான். என் புருஷன் எழுதுகிற எல்லா நாடகத்திலும் ஒரு மாடிப்படி உண்டு, அதில் யாராவது மெதுவாக இறங்கி வருவார்கள். இந்தத் தடவை இறங்கி வருவது எங்கள் குடும்பமேதான். மெல்ஷாம் குடும்பம் மேடையேறி நூறு வருஷம் ஆகிறதாம். அதைக் கொண்டாட 'அணையா விளக்கு' என்று ஒரு நாடகம்.

முதல் அங்கத்தில் கொள்ளுத்தாத்தா யோசையா வருகிறார். நிஜத்தில் அந்த மனிதர் சந்தையில் இஞ்சி ரொட்டி விற்றவர். கூடாரத்து நடிகன் ஒருவன் குடித்துவிட்டு விழுந்து கிடந்தபோது அவன் அங்கியை மாட்டிக்கொண்டு ஏறினவர். நாடகத்தில் பாதிரியார் மகன், லத்தீன் படித்தவர்! அவருடைய மகன் கவிஞர். அந்தக் கவிதைகளைப் படித்தவர் யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. கவிஞரின் மகன்தான் என் மாமனார் சர் ஆகஸ்டஸ். ஆளுக்கொரு சுயசரிதை வேறு எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் எழுதினவர்தான் பெரிய நடிகர், மற்றவர்கள் அவருக்குத் தொப்பி எடுத்துக் கொடுத்தவர்கள்.

கடைசி அங்கத்தில் ஒரு பேத்தி. வீட்டைவிட்டுப் போக நினைக்கிறாள், தாத்தாவைப் பார்க்கிறாள், மனம் மாறுகிறாள். "நான் இந்த வீட்டிலேயே இருக்கிறேன், தாத்தா." திரை. தாத்தாவாக மாமனாரே நடிக்கிறார். பேத்தியாக எங்கள் மகள் வின்னி.

வின்னி தலையை நிமிர்த்தவே இல்லை. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 12

ஆட்டு விலாவையும் தின்றுவிட்டார்கள். அப்பாவுக்கு நன்றி என்று ஒரு வாய் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

வின்னிக்கு லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. வேதியியல்! அக்டோபரில் வகுப்பு. எனக்கு மட்டும் வியாழக்கிழமையே சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் தோட்டத்துக் கொட்டகையில் நின்று பைத்தியக்காரிகள் மாதிரி சிரித்தோம். இன்று மதியச் சாப்பாட்டில் எல்லோருக்கும் சொன்னாள்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். மாமனார் கரண்டியைக் கீழே வைத்தார், ஜன்னல் வழியாக நதியைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார். மூன்றாவது அங்கத்துப் பெருமூச்சு அது. எனக்குத் தெரியும்.

"வேதியியலா?" என்றாள் கான்ஸ்டன்ஸ். "மருந்துக் கடையில பாட்டில் கழுவற வேலையாடி கண்ணு?"

"இல்ல அத்தை. சாயம், உரம், அந்த மாதிரி ஆராய்ச்சி."

"உரமா!"

மாமனார் நதியைப் பார்த்தபடியே, "மெல்ஷாம் வீட்டுப் பிள்ளைங்க பதினெட்டு வயசுல மேடையேறும். நான் ஏறினேன். உங்கப்பன் ஏறினான்" என்றார்.

எட்மண்ட் ஏறினது உண்மைதான். ஏறி, மேசை தடுக்கி விழுந்து, மறுநாளிலிருந்து எழுத்தாளன் ஆனான். அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உருளைக்கிழங்கைப் பரிமாறினேன்.

கடைசியில் எட்மண்ட் ஒரு சமரசம் கொண்டுவந்தான்: "பிரைட்டன்ல ஒரே வாரம் நடிச்சிடு வின்னி. அப்புறம் பார்க்கலாம்."

அப்புறம் பார்க்கலாமாம். இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் என்னிடமும் இதே வார்த்தைதான். கல்யாணத்துக்கு முன் நான் நல்ல வேஷங்களில் நடித்தவள். "இந்த ஒரு நாடகத்துக்கு மட்டும் ஓரமா உட்கார்ந்து, மறந்தவங்களுக்கு வரி எடுத்துக் கொடு ஹெலெனா, அப்புறம் பார்க்கலாம்." இன்னும் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறேன், மேடையோரத்து ஸ்டூலில், மடியில் பிரதியோடு.

என் பெயர் ஹெலெனாவும் இல்லை. ஹில்டா. ஹில்டா கிளெக். அப்பாவின் கடைப் பலகையில் இருக்கிற அதே கிளெக். "கிளெக்னு சுவரொட்டியில போட்டா, ஜனங்க டிக்கெட்டுக்குப் பதிலா அரைப் பவுண்டு கொத்துக்கறி கேப்பாங்கம்மா" என்று மாமனார் நிச்சயதார்த்தத்தன்றே பெயரை மாற்றிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மாவும் மரியாதைக்குச் சிரித்தாள் பாவம்.

ஆகஸ்ட் 20

ஒத்திகை ஆரம்பம். வரவேற்பறைச் சோபாக்களை நகர்த்திவிட்டு ஒத்திகை.

இந்த ஜனங்களின் மடி ஆசாரத்தை எழுதி மாளாது. மேடையில் விசில் அடிக்கக் கூடாது. நிஜப் பூ வைக்கக் கூடாது. மயிலிறகு கூடவே கூடாது. நல்லபடியாக நடிங்க என்று வாழ்த்தினால் குற்றம். எல்லாவற்றுக்கும் மேல், புது நாடகத்தின் கடைசி வரியை ஒத்திகையில் வாய்விட்டுச் சொல்லவே கூடாது. சொன்னால் நாடகம் முடிந்துபோனதாக ஆகிவிடுமாம். சபையோர் முன்னால் முதல் நாள்தான் அந்த வரி முதன்முதலாக வெளியே வர வேண்டும்.

வேறு கம்பெனிகளிலும் இந்த வழக்கம் உண்டு. ஆனால் அங்கே கண்ணைச் சிமிட்டிக்கொண்டு செய்கிறார்கள். இங்கே மாமனார் அதை வேதமாக வைத்திருக்கிறார். நடிகர்களுக்குக் கொடுக்கிற பிரதியில்கூட அந்த வரியைத் தட்டச்சு செய்ய விடமாட்டார். எழுதினவனுக்கும், சொல்ல வேண்டியவருக்கும், எடுத்துக் கொடுக்கிற எனக்கும் மட்டும்தான் அது தெரியும். மாமனாரே கேட்க மாட்டார்; எட்மண்ட் வாசித்துக் காட்டியபோதும் அந்த இடத்தில் எழுந்து வெளியே போய் நின்றார், கான்ஸ்டன்ஸையும் இழுத்துக்கொண்டு. சர் பட்டம் வாங்கின மனுஷன்!

வின்னி கடைசி இடத்துக்கு வந்தாள். கோட்டு ஒரு கையில், கதவு ஒரு பக்கம், தாத்தா மறுபக்கம். வாயைத் திறந்தாள்.

"ஷ்!" என்று மாமனார் கையைத் தூக்கினார். "அங்கதான் நிறுத்தணும். திரை!"

வின்னி அப்படியே நின்றாள். வாய் மூட கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆகஸ்ட் 27

கான்ஸ்டன்ஸ் வின்னிக்கு நடக்கக் கற்றுத்தருகிறாள். பதினெட்டு வருஷமாக நடந்துகொண்டுதான் இருக்கிறது குழந்தை.

குழந்தை நன்றாக நடிக்கிறாள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். மோசமாக நடித்தால் விட்டுத்தொலைப்பார்கள். அவளுக்கு வேண்டுமென்றே மோசமாகச் செய்யத் தெரியவில்லை. அந்தப் பாழாய்ப்போன ரத்தம் ஓடுகிறது. இல்லை, என் ரத்தமாகவும் இருக்கலாம். நானும் நன்றாகத்தான் நடித்தேன். அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

செப்டம்பர் 3, வியாழன்

எட்மண்டோடு சண்டை. சமையலறையில்.

லண்டன் அரங்குக்காரர் ஒருவர் பிரைட்டனுக்குப் பார்க்க வருகிறாராம். பிடித்தால் அக்டோபர் கடைசியில் லண்டனில் போடுவார். "அதே நடிகர்களோட" என்று மாமனார் அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். வின்னியும் சேர்த்தி. அவளை யாரும் கேட்கவில்லை.

"ஒரு வாரம்னுதானே சொன்ன?"

"அப்போ லண்டன் பேச்சே இல்லையே ஹெலெனா."

"அவ காலேஜு?"

"அடுத்த வருஷம் போகட்டுமே. லீட்ஸ் எங்கேயும் ஓடிப்போகாது."

"உங்க அப்பா கிட்ட முடியாதுன்னு சொல்லு."

"அவருக்கு இதுதான் கடைசி நாடகம்."

போன நாடகமும் கடைசி நாடகம்தான். அதுக்கு முந்தினதும். மூணு தடவை விடைபெற்று மூணு தடவையும் மாலை வாங்கிட்டாரு அந்தக் கிழவர்! என் பொண்ணு வாழ்க்கையை எடுத்துத் தனக்கு விளக்குத் திரி போட்டுக்கணுமா? என் வாழ்க்கையைப் போட்டது போதாதா? — கத்தியிருக்கக் கூடாது. கத்தினேன். எட்மண்ட், "நீ இப்போ பேசினது நல்ல வசனம்" என்றான். நிஜமாகவே சொன்னான். பாக்கெட்டிலிருந்து பென்சில் எடுத்தான்.

பாத்திரம் ஒன்று உடைந்தது. நான் உடைத்ததுதான்.

செப்டம்பர் 5

எட்மண்ட் என் பேச்சை இரண்டாம் அங்கத்தில் சேர்த்துவிட்டான். கான்ஸ்டன்ஸ் அதைச் சொல்கிறாள். "ற"கரத்தை உருட்டிக்கொண்டு.

செப்டம்பர் 13, ஞாயிறு. பிரைட்டன்.

நாளை முதல் நாள். மதியம் வின்னியும் நானும் கடற்கரையில் கூழாங்கல் மேல் உட்கார்ந்து பொரித்த மீன் தின்றோம். காற்றில் காகிதம் பறந்தது.

"லண்டன் விஷயம் அத்தை சொன்னாங்க" என்றாள். "அப்பாகிட்ட பேசினேன். தாத்தாகிட்ட பேசினேன். ரெண்டு பேருமே நான் பேசறதக் கேக்கலம்மா. எப்படிப் பேசறேன்னு கேட்டாங்க. தாத்தா என்ன சொன்னாரு தெரியுமா? 'கோபத்துல குரல் மேல போகுது, அடிவயித்துலேர்ந்து பேசு'ன்னாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

"விட்டுட்டு நாளைக்கே ரயில் ஏறிடு. நான் பார்த்துக்கறேன்."

"நாளைக்கு ஓடினா கம்பெனியில அத்தனை பேருக்கும் பொழப்பு போயிடும். அது முடியாது." பறக்கிற காகிதத்தைக் காலால் அமுக்கிக்கொண்டாள். "அம்மா, அந்தக் கடைசி வரிய இதுவரைக்கும் யாராவது காதால கேட்டிருக்காங்களா?"

"உங்கப்பன் வாசிச்சப்போ நாம ரெண்டு பேர் கேட்டோம். அவ்வளவுதான்."

"ம்" என்றாள். மீனில் வினிகரை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். நான் அதற்குமேல் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டால் எனக்குத் தெரிந்துபோய்விடும் என்றுதான்.

செப்டம்பர் 15, செவ்வாய் காலை

நேற்று நடந்ததை இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

அரங்கு நிறைந்திருந்தது. லண்டன் ஆள் மூன்றாவது வரிசை. மாமனார் உள்ளே வந்ததுமே கைதட்டல். அவர் அது ஓயும்வரை நாற்காலியைத் தடவிக்கொண்டே நின்றார். முதல் அங்கத்தில் இரண்டு இடத்தில் மறந்தார், எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் அங்கத்தில் கான்ஸ்டன்ஸ் என் சமையலறைச் சண்டையைப் போட்டாள். ஜனங்கள் உருகினார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து என் வார்த்தையை வரி வரியாக விரல் வைத்துப் பின்தொடர்ந்தேன். இந்தக் கேவலம் வேறு யாருக்காவது வாய்க்குமா!

கடைசிக் காட்சி. கோட்டு கையில். தாத்தா நாற்காலியில், கை நீட்டியபடி.

வின்னி நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் நல்ல மௌனம் என்று நினைத்திருப்பார்கள். அப்புறம் அது நீண்டது. மாமனார் வாயை அசைக்காமல், "வரி! வரி!" என்று என் பக்கம் சீறினார். அவருக்கே தெரியாது அது என்ன வரி என்று. எட்மண்ட் மறுபுறத்துத் திரை மறைவிலிருந்து எனக்குக் கையை ஆட்டினான். வரி என் விரலுக்கு அடியில்தான் இருந்தது. 'நான் இந்த வீட்டிலேயே இருக்கிறேன், தாத்தா.' மெல்லச் சொன்னால் போதும், அவள் காதில் விழும். இந்த ஸ்டூலில் உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் நான் ஒருவரைக்கூடத் தவிக்க விட்டதில்லை. எவ்வளவு வெறுத்தாலும் விட்டதில்லை.

வின்னி மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

பிரதியை மூடினேன். அவள் பார்க்கும்படியாக மூடினேன்.

"நான் கிளம்பறேன், தாத்தா" என்றாள். அடிவயிற்றிலிருந்து. கோட்டைப் போட்டுக்கொண்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து போனாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். கான்ஸ்டன்ஸ் கற்றுத்தந்த நடையே இல்லை அது. வின்னியின் நடை.

திரை விழ வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாமனார் கை நீட்டியபடியே இருந்தார், மூடின கதவைப் பார்த்துக்கொண்டு. அவர் வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான் நடிக்காமல் மேடையில் இருந்திருப்பார். பிறகு திரை. பிறகு கைதட்டல். பாழாய்ப்போன கூரை பிய்ந்துகொள்கிற கைதட்டல். திரும்பத் திரும்பத் திரையைத் தூக்கினார்கள்.

கம்பெனிக்காரர்கள் எல்லோரும் "என்ன முடிவு! என்ன முடிவு!" என்று எட்மண்டின் கையைக் குலுக்கினார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதுதான் வரி என்று நினைத்தார்கள். எட்மண்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் வெளுத்தது. பிறகு குழம்பியது. நாலாவது கை குலுக்கலில், "ஆமா, ரொம்ப யோசிச்சு வெச்சதுதான்" என்றான்.

தூ.

அப்புறம் ஒப்பனை அறையில் என்னிடம் வந்து கிசுகிசுத்தான்: "நீ ஏன் எடுத்துக் கொடுக்கல?"

"கடைசி வரிய எடுத்துக் கொடுத்துப் பழக்கமில்ல எட்மண்ட். ஒத்திகையில சொல்லவே கூடாதுன்னுட்டீங்களே."

செப்டம்பர் 16

பத்திரிகைகள் எல்லாம் முடிவையே புகழ்கின்றன. 'கிழவர் கை நீட்டியபடி இருக்க, இளமை கதவைத் திறந்துகொண்டு போகிறது.' லண்டன் ஆள் ஒப்புக்கொண்டுவிட்டார். மேடையில் பேசுகிற ஒவ்வொரு வரியையும் பார்த்து அனுமதிக்கிற தணிக்கை அலுவலகத்துக்குப் புது வரியை அனுப்பி, எட்மண்ட் முறைப்படி அனுமதி கேட்டிருக்கிறான். தன் வரியாக.

உச்சம் இதுதான்: மாமனார் பத்திரிகைக்காரர் ஒருவருக்குப் பேட்டி கொடுத்திருக்கிறார். படமும் போட்டிருக்கிறார்கள், கைத்தடியோடு. "முடிவு என் யோசனைதான். என் மகன் முதலில் வேறு மாதிரி எழுதியிருந்தான். இளையவர்களைப் பிடித்து வைக்கக் கூடாது, போகவிட வேண்டும் என்று நான்தான் சொன்னேன். நானே என் பேத்தியை விஞ்ஞானம் படிக்க அனுப்புகிறவன்." இளையவர்களைப் போகவிடும் பெருந்தன்மையாம்! அனுப்புகிறவராம்!

மூன்று முறை படித்தேன். பத்திரமாக மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

செப்டம்பர் 20, ஞாயிறு. ரிச்மண்ட்.

சொன்னபடி பிரைட்டனில் ஒரு வாரத்தை வின்னி நடித்து முடித்துவிட்டாள். இன்று நடந்தது எதிர்பார்த்ததுதான். மதியச் சாப்பாடு. மாமனார் லண்டன் ஒத்திகைத் தேதிகளைச் சொன்னார். வின்னி, "நான் வரலையே தாத்தா" என்றாள்.

"ஓடற நாடகத்த விட்டு மெல்ஷாம் எவனும் எழுந்து போனதில்ல!"

"நான்தான் சொல்லிட்டேனே."

"எப்போ சொன்ன?"

"திங்கக்கிழமை. எல்லார் முன்னாடியும். நீங்ககூடக் குனிஞ்சு வணக்கம் சொன்னீங்களே."

கான்ஸ்டன்ஸுக்கு இருமல் வந்தது. அது சிரிப்பு என்று நான் சத்தியம் செய்வேன். இருபத்தோரு வருஷத்தில் அவளை எனக்குப் பிடித்த ஒரே நிமிஷம்.

மாமனார் மேசையைத் தட்டினார். "வசனம் வேற, வாழ்க்கை வேறடி!" இந்த வீட்டில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதுவும் அவர்!

நான் கைப்பையிலிருந்து பத்திரிகையை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். படம் மேலே தெரிய.

"இத எழுதின பையன் மறுபடி வர்றேன்னான் மாமா. வின்னி லீட்ஸ் போற அன்னிக்கு ரயிலடியில தாத்தாவும் பேத்தியுமா ஒரு படம் எடுக்கணுமாம். என்ன சொல்லட்டும்?"

பத்திரிகைக்காரன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நான் நடித்தேன். இருபத்தோரு வருஷம் கழித்து, நல்ல வேஷம், ஒரே வசனம்.

மாமனார் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எட்மண்டைப் பார்த்தார். எட்மண்ட் தட்டைப் பார்த்தான்.

"எந்தத் தேதி?" என்றார்.

"அக்டோபர் நாலு."

"கறுப்பு ஓவர்கோட்டு போட்டுக்கறேன்" என்றார்.

செப்டம்பர் 21

பத்திரிகை ஆபீஸுக்குப் போன் பண்ணி ஒரு பையனை ஏற்பாடு செய்தேன். சந்தோஷமாக வருகிறானாம்.

அக்டோபர் 4, ஞாயிறு

ரயிலடி. மாமனார் கையை நீட்டி நின்றார், கடைசிக் காட்சியில் நின்ற மாதிரியே. படம் எடுத்தார்கள். "இன்னொண்ணு எடு, இந்தப் பக்க முகம் எனக்குச் சரியா வராது" என்றார்.

ரயில் நகர்ந்ததும் கையை இறக்க மறந்துவிட்டார். பையன் காமிராவை மூடிவைத்துவிட்டுப் போன பிறகும். நான்தான் தோளைத் தொட்டேன். "குளிருது, வாங்க மாமா." டாக்ஸியில், "அடிவயித்துலேர்ந்து பேசினா, இல்ல?" என்றார்.

"ஆமா மாமா."

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் போய்விட்டது. இறங்கும்போது தன் சுயசரிதைக்கு இன்னொரு அத்தியாயம் சேர்க்கப் போவதாகச் சொன்னார்.

அக்டோபர் 30

லண்டன். நாடகம் ஓடுகிறது. வேறொரு பெண் கிளம்புகிறாள், நன்றாகவே கிளம்புகிறாள். நான் ஸ்டூலில்.

நவம்பர் 8, ஞாயிறு. லீட்ஸ்.

நேற்று அந்த ஸ்டூலில் உட்காரவில்லை. வரி எடுத்துக் கொடுக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எட்மண்டிடம் சொன்னேன். "எத்தனை நாளைக்கு?" என்றான். "அப்புறம் பார்க்கலாம்" என்றேன்.

போகிற வழியில் வேக்ஃபீல்டில் இறங்கி அப்பாவிடம் சாசேஜ் வாங்கிக்கொண்டேன். லீட்ஸில் மழை, புகை, கறுத்துப்போன செங்கல். வின்னி தங்கியிருக்கும் வீடு மேட்டுத் தெருவில். கதவைத் தட்டினதும் கையெல்லாம் மாவாக ஒரு தடித்த அம்மா திறந்தாள்.

"மிஸ் மெல்ஷாம் இருக்காங்களா?"

"அப்படி யாரும் இங்க இல்லையேம்மா."

வேறு தெருவோ? அவள் என் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள், மாடிப்பக்கம் திரும்பிக் கத்தினாள்: "மிஸ் கிளெக்! உங்கம்மா மாதிரி ஒருத்தங்க வந்திருக்காங்க!"

தடதடவென்று இறங்கி வந்தாள். விரல் நுனியெல்லாம் மஞ்சள் கறை. உடுப்பெல்லாம் ஆய்வுக்கூடத்து அழுகின முட்டை வாடை. என்னைப் பார்த்து நின்றாள், முகம் சிவந்தது.

"மெல்ஷாம்னு சொன்னா உடனே ஏதாவது நடிச்சுக் காட்டச் சொல்றாங்கம்மா" என்றாள். "கோச்சுக்காதே. கிளெக்னு சொன்னா ஒருத்தரும் எதுவும் கேக்கறதில்ல."

நான் பொட்டலத்தை நீட்டினேன்.

வீட்டுக்கார அம்மா பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "அடடா, நல்ல சாசேஜ்! உள்ள வாங்க மிஸஸ் கிளெக், மழையில நிக்காதீங்க. இப்பவே சட்டியில போடறேன்."

திருத்தலாம் என்று வாயெடுத்தேன். பிறகு திருத்தவில்லை. உள்ளே போய்க் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.